ஒரே பேனரில் நான்கு சித்தப்பா

கம்ப்யூட்டர் மெதுவானால் கம்ப்யூட்டரைத் திட்டுவது உலக வழக்கம். நான் ஒருபடி மேலே போய் உப்புக்காற்றையும் சேர்த்துத் திட்டினேன்.

துறைமுகத்தை ஒட்டிய முத்தையாபுரத்தில் எனக்கு ஒரு டிசைன் கடை. அங்கே வைக்கிற கல்யாணப் பேனர்களில் பாதி என் கைவண்ணம் (மீதியும் நான் செய்ததுதான், சொல்லிக்கொள்வதில்லை). அப்படிப்பட்டவனின் தங்கை ரெஜினாவுக்குக் கல்யாணம் வந்தது. மாதா கோயில் வாசலில் கட்டும் பேனரில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும் இருக்கவேண்டும். ஒரு முகம் விட்டுப்போனால் ஒரு குடும்பமே கல்யாணத்துக்கு வராது.

சிக்கல், அப்பாவின் தம்பி சூசை சித்தப்பா. கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்கும்போது முன்கம்பை யார் பிடிப்பது என்று அப்பாவுக்கும் அவருக்கும் தகராறு. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "சித்தப்பா வராம நான் எப்படிண்ணே கோயிலுக்குள்ள நடப்பேன்?" என்று ரெஜினா என்னிடம் அழுதாள். அப்பாவிடம் கேட்க அவளுக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம்.

அப்பாவுக்கும் மனசு அடித்துக்கொண்டது. கடைக்கு வந்து, "ஏலே, அவனையும் ஒரு ஓரமா வையி" என்பார். டீ குடித்துவிட்டு வந்து, "அவன் பேசுன பேச்சு என்ன! எடுத்துருலே" என்பார். அடுத்த நாள், "எம் பக்கத்துல வையி." பிறகு, "இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம்." ஒருநாள் கண் கலங்கி, "மேல, நல்லா பெருசா வையி" என்றார். அதையும் எடுக்கச் சொன்னார்.

நான் கெட்டிக்காரன் அல்லவா? அப்பா மனசு மாறுவார் என்று, ஒவ்வொரு முறையும் படத்தை அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்தேன். எங்கே மறைத்தேன் என்பதை மறந்து, மறுமுறை கேமராவிலிருந்து அதே பெரிய படத்தைப் புதிதாக இறக்கினேன்.

சாப்ட்வேர் படுத்துவிட்டது. மாப்பிள்ளையின் மூக்கை நகர்த்தினால், அது யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. பெட்டியைத் திறந்து தூசு தட்டினேன், ஃபேனை மாற்றினேன், புது ரேம் போட்டேன், சாப்ட்வேரையே அழித்துத் திரும்ப ஏற்றினேன். "ஹார்பர் காத்துக்கு எந்த மெஷின் தாங்கும்?" என்று வந்தவர்களிடமெல்லாம் விளக்கம் வேறு கொடுத்தேன்.

கடைசியில், இதே தொழில் செய்யும் என் கூட்டாளி போனில் கேட்டான்: "பைல் எவ்வளவு பெருசுலே?" பார்த்தேன். ஒரு முழு சினிமாப் படம் அளவுக்கு இருந்தது. சித்தப்பாவை மறைத்து மறைத்து வைத்த கதையைச் சொன்னேன்.

"மறைச்சதெல்லாம் வெளிய எடு. வேண்டாதத அழி. மிச்சத்த ஒண்ணாச் சேத்துரு" என்றான்.

முதல் வேலையைச் செய்தேன். திரை அப்படியே நின்றுவிட்டது. பிளெக்ஸ் அடிப்பவர் போன் மேல் போன் போட்டார். திரைக்கு உயிர் வந்தபோது அதில் ரெஜினாவின் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவசரத்தில் இரண்டாவது வேலையை மறந்து, மூன்றாவதைச் செய்து அனுப்பிவிட்டேன். இந்த முறை பைல் பறந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பேனர் கட்டினார்கள். அப்பாவுக்கு வலப்பக்கம் சித்தப்பா. இடப்பக்கம் சித்தப்பா. கீழ் ஓரத்தில் சித்தப்பா. மணமக்களுக்கு மேலே, எல்லாரையும்விடப் பெரிதாக, இன்னொரு சித்தப்பா. மாப்பிள்ளையின் பாதி முகம் அவர் சட்டைக்குள் போயிருந்தது.

"ஏலே, என்னலே இது?" என்று அப்பா கையை ஓங்கினார். அதே நேரம் சித்தப்பா, கட்டிய கைலியோடு பைக்கில் வந்து இறங்கினார். யாரோ புண்ணியவான் பேனரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறான்.

பேனரை அண்ணாந்து பார்த்தவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "அண்ணே, ஒரு ஓரத்துல வச்சிருந்தாலே ஓடி வந்திருப்பேனே. நாலு இடத்துலயா வைக்கது?"

ஓங்கிய கை மெல்லச் சித்தப்பாவின் தோளில் இறங்கியது. "நாந்தாம்ல வைக்கச் சொன்னேன்" என்றார் அப்பா. பொய்யில்லை. நாலு தடவையும் அவர்தான் சொன்னார்.

மறுநாள் ரெஜினா ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் சித்தப்பாவுமாகக் கோயிலுக்குள் நடந்தாள். நான் பின்வரிசையில் நின்று தேம்பினேன். அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியிருந்தால், ஒழுங்கான பேனரோடு, அழுகிற மணப்பெண்தான் மிஞ்சியிருப்பாள். ஆண்டவருக்கும் அந்த ஓட்டைப் பெட்டிக்கும் நான் என்றும் நன்றியுள்ளவன்.

மாப்பிள்ளையாக வந்த என் மச்சானிடம் மட்டும் பேனரைப் பற்றிப் பேசக்கூடாது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் பேனரின் போட்டோவைப் பார்த்து, "இதுல மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டால், அவரிடம் இன்றைக்கும் ஒரே பதில்தான்.

"சின்ன மாமா சட்டைக்குள்ள பாருங்க, அங்கனதான் இருக்கேன்."