ஷ்வேப்யிதா என்னும் ஒஹையோ

"கேட்டவன்கிட்ட பொய் சொல்ற மனுஷன் இன்னும் பிறக்கலப்பா! மாநிலம் மாநிலமா கேளு, கூட்டிப் போடு. அமெரிக்க ஜனாதிபதி யாருன்னு இந்த ஸ்டூல்ல உட்கார்ந்தே நான் சொல்றேன்."

ரங்கூன் போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே, தேநீர்க் கடையின் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலில் அமர்ந்து இப்படி முழங்கியவர், எல்லோரும் மரியாதையாக ஊ அப்பாசாமி என்றழைக்கும் அப்பாசாமி. வாசகரே, இவரைத் தனியாள் என்று எண்ணிவிடாதீர்கள். இவர் ஓர் இனம். தூரதேசத் தேர்தல் கணிப்பாளர் என்று பெயர். நான்காண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்கிற அக்டோபரில் வெளிப்படும். நகரைத் தாண்டிய மாவ்பிக்கு வடக்கே கால் வைத்திருக்காது. ஆனால் வெளிநாட்டு வானொலியின் பர்மியச் செய்தியில் பாதியும் இணையக் கடையில் மீதியுமாகப் பொறுக்கி, பென்சில்வேனியாவில் யார் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது, புளோரிடாக் கிழவர்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்பதையெல்லாம், ஒரே ஒரு பால் தேநீரை வாங்கிவைத்து, இலவசப் பச்சைத் தேநீரில் பொழுதை ஓட்டியபடி விளக்கும். உள்ளூர்த் தேர்தலைப் பற்றிக் கேட்டால்? "டீ ஆறுது, குடி" என்னும். ராணுவ ஆட்சியில் அடுத்த மேசையில் யாருடைய காது இருக்கிறதென்று அதற்குத் தெரியாதா என்ன?

2004இல் அவர் கணிப்பு கவிழ்ந்தது. "பிழை வரம்புக்குள்ளதான்" என்றார். 2008இல் பலித்தது. உலகமே சொன்னதைத்தான் சொன்னார்; என்ன, கொஞ்சம் உரக்கச் சொன்னார். புகழ் ஸ்ட்ராண்ட் சாலை நெடுகப் பரவியது.

அந்தப் புகழை நம்பித்தான் மனைவியின் அண்ணன் தனசேகரன் வந்து சேர்ந்தார். கோயில் சபையில் பல வருஷமாகச் செயலாளர். எதிர்த்து நிற்க ஆளில்லை.

"மச்சான், இந்தத் தடவை தலைவருக்கு நிக்கலாமா? எதிர்ல சின்னத்தம்பி ஒருத்தர்தான். ரெண்டுக்கும் நிக்க விடமாட்டாங்க. தோத்தா இருக்கிறதும் போயிடும்."

"பதறாதீங்க. மாநிலக் கணிப்பு எடுத்துருவோம்."

சபை உறுப்பினர்கள் மூன்று இடங்களில் சிதறியிருந்தார்கள். அவை மூன்று மாநிலங்களாயின. போட்டாதாங், சொந்தக் கோட்டை. மாவ்பி, நம் பக்கம் சாய்வு. தொழிற்சாலைக்காரர்கள் நிறைந்த ஷ்வேப்யிதாவோ ஊசலாடும் மாநிலம். "அதான் நம்ம ஒஹையோ" என்று பஸ் ஏறினார். தையல் ஆலை வாசலில் சபை உறுப்பினர் கனகாம்பாளைப் பிடித்தார்.

"ஏம்மா, ஓட்டு யாருக்கு?"

"நீங்களே இவ்வளவு தூரம் வந்து கேக்குறீங்க, வேற யாருக்குப் போடுவேன்? தனசேகரண்ணனுக்குத்தான்."

"சின்னத்தம்பிக்கு இல்லியே?"

"ஐயோ பாவம், அவரு நிக்கிறாரா?"

கேட்டவர்கள் அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். அமெரிக்காவில்கூட இப்படியொரு மாநிலம் கிடையாது! அப்பாசாமி சும்மா இருப்பாரா? கடைக்குக் கடை அறிவித்தார்: "சின்னத்தம்பிக்கு ஒத்த ஓட்டு விழுந்தா அதிசயம்."

தனசேகரன் செயலாளர் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுத் தலைவர் பதவிக்கு நின்றார்.

தேர்தலன்று கோயில் வாசலில் சின்னத்தம்பி வெளுத்த கைலியோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே சுண்டல் கொடுத்தார். ஓட்டு யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய்வார்த்தையோடு போயிருக்கும், தனசேகரன் பிழைத்திருப்பார். சிரித்தார், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரங்கூனில் பிறந்தவனுக்கு, தமிழனானாலும் சரி, ஆனாடே என்கிற பர்மியக் கூச்சம் ரத்தத்தில் ஓடும். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் இவனால் பொறுக்க முடியாது. சீட்டும் கையுமாகத் திரைக்குப் பின்னால் நின்ற அப்பாசாமிக்கும் சுண்டல் கொடுத்த கை நினைவுக்கு வந்தது. பாவம், ஊர் முன்னால் ஒரு ஓட்டுகூட இல்லாமல் அந்த மனுஷன் எப்படி நிற்பான்? நாம்தான் எப்படியும் ஜெயித்துவிட்டோமே! ஒரு ஓட்டில் என்ன குறைந்துவிடும்? சின்னத்தம்பி பெயருக்கு நேரே குறி போட்டு, யாரும் பார்க்காமல் மடித்தார்.

அதே திரைக்குப் பின்னால், அதே கணிப்பை நம்பி, அதே கூச்சத்தோடு, அதே ஒரு ஓட்டைத்தான் கனகாம்பாளும் போட்டாள். போட்டாதாங்கும் போட்டது. மாவ்பியும் போட்டது.

மூன்று மாநிலங்களும் சின்னத்தம்பிக்கே.

சிரிக்காதீர்கள், வாசகரே. போன கல்யாணத்தில் பெண்ணின் அப்பா உங்கள் இலைக்கருகே குனிந்து "சாப்பாடு எப்படி?" என்று கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

கூட்டம் கலைந்தது. செயலாளர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார். தனசேகரன் செருப்பைத் தேடுவதுபோல் வாசலிலேயே நின்றார்.

"எல்லாரும் எனக்குன்னுதானே சொன்னாங்க மச்சான்? இனி யாரைத்தான் நம்புறது? நீங்களாச்சும் எனக்குத்தானே போட்டீங்க?"

அப்பாசாமி அந்த வாடிய முகத்தைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இப்படிக் கேட்டுட்டீங்க? உங்களுக்குத்தான்."