சர்வசமம் வாத்தியாரும் ஒரு கறுப்புக் கயிறும்

தருமபுரியில் கண்ணால் கண்டதை நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் வீட்டு முன்கட்டில் அவர் குடியிருந்தார். ஹைஸ்கூலில் ஜியாமெட்ரி சொல்லிக்கொடுப்பவர். இரண்டு முக்கோணங்களைச் சர்வசமம் என்று நிரூபிப்பதற்கே பிறவி எடுத்தவர் என்பதால் பையன்கள் அவருக்குச் சர்வசமம் என்று பேர் வைத்தார்கள். சொந்தப் பேர் என்னவென்று எனக்கு இதுவரை தெரியாது.

"படத்துல சமமாத்தான் தெரியும். அதுக்காக நம்பிடறதா? அளவு வேணுமுங்க" என்பார்.

சவரக்காரர் மீசையைக் கத்தரித்தால் நூலை எடுத்து இரு பக்கமும் அளப்பார். இந்தப் பக்கம் ஒரு நெல்லளவு கூட என்பார்; அதைக் கத்தரித்தால் அந்தப் பக்கம் ஒரு நெல்லளவு கூட என்பார்.

"இப்படியே அளந்தா மீசை மிஞ்சாதுங்க சாமி" என்றார் சவரக்காரர். மறுநாள் வாத்தியார் மீசையில்லாமல் பள்ளிக்கூடம் போனார்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர், "மழை வரும்போல இருக்குதுங்க சார், குடை எடுத்துக்குங்க" என்றார்.

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"மேகத்தை வெச்சுத்தானுங்க."

"ஒரே ஒரு கோணத்தை வெச்சு முக்கோணம் சமம்னு சொல்ல முடியுங்களா?"

சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து வந்தவர், "இப்ப ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு இரட்டைப் பெண்கள், சரசு, கமலா. அப்போது கைக்குழந்தைகள். ஒருத்தி தூங்கினால் மற்றவள் விழிப்பாள். நான் எப்போது தூங்கினேன் என்று ஞாபகமில்லை. அச்சில் வார்த்தது போல இருப்பார்கள் என்பதால் மூத்தவள் சரசுவின் காலில் மட்டும் கறுப்புக் கயிறு கட்டியிருந்தோம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய ஒரு நாள், ஈரக்கயிறு கணுக்காலை அறுக்கிறதே என்று கழற்றினேன். இருவரையும் துவட்டிப் பாயில் விட்டேன். அடுப்பில் பால் பொங்கிற்று. ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்தால் கையில் கயிறு இருக்கிறது, கட்ட வேண்டிய கால் எதுவென்று தெரியவில்லை. இடப்பக்கம் விட்டது சரசுவையா? வலப்பக்கமா? தப்பாகக் கட்டினால் ஒருத்தியின் பேரில் மற்றவள் ஆயுசு முழுக்க வாழ்வாளே.

"ரெண்டும் நம்ம வூட்டுப் புள்ளைங்கதானே, ஏதோ ஒண்ணுக்குக் கட்டு" என்று இவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாத்தியாரைக் கூப்பிட்டேன்.

நூலும் அடிக்கோலுமாக வந்து உட்கார்ந்தார். "பாதம் சமம். உள்ளங்கை சமம். நெத்தியும் சமம்." அடிக்கோலால் தலையைச் சொறிந்தார். "ஒருத்தி மேல ஒருத்தியை வெச்சுப் பொருத்திப் பார்த்துடலாமுங்களா?"

"வேண்டாங்க சார்."

"பாடத்துல அப்படித்தாம்மா இருக்குது."

"பாடத்துல முக்கோணம் அழாதுங்க."

சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. நான் அழுவதைக் கண்டு இரண்டும் அழத் தொடங்கின. ஒருத்தி என்னைப் பார்த்து அழுதாள். மற்றவள் வாசற்கதவைப் பார்த்து அழுதாள்.

வாத்தியார் அடிக்கோலைக் கீழே வைத்தார். "கதவைப் பார்க்கிறவதான் சரசு. அவளுக்குக் கட்டுங்க."

"எப்படிங்க சார் தெரியும்?"

"தெனமும் நான் பள்ளிக்கூடம் கிளம்பறப்ப, கயிறு கட்டினவ அழுகையை நிறுத்திட்டுக் கதவாண்ட என்னைப் பார்ப்பா. சின்னவ உங்களை விட்டு முகத்தைத் திருப்ப மாட்டா."

அவரோடு பழகிய தோஷம், "இதுக்கு நிரூபணம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

நூலை மெதுவாக விரலில் சுற்றினார். "இல்லீங்கம்மா. கண்ணால பார்த்ததுதான்."

கட்டினேன்.

இப்போது இருவரும் நடக்கிறார்கள். சரியாகத்தான் கட்டினேனா என்ற யோசனை எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வாத்தியார் அரூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் வந்தால் சரசு போய்க் கதவைப் பார்த்து நிற்கிறாள். அடுப்பு வேலைக்கு நடுவில் நானும் ஒரு தரம் பார்க்கிறேன்.