ஹைடல்பேர்க் மாப்பிள்ளை

"பொம்பிளை வீட்டாரை ரயிலில கூட்டிக்கொண்டு வரக்கூடாது," என்றார் தேவராஜா. "அந்த ஸ்டேஷன் போர்டில பேர் ஆளுயரத்துக்கு நிக்குது."

மகன் யோகேஸ்வரன் கார்ச் சாவியை எடுத்தான். "உண்மையைச் சொல்லுங்கோவன், அப்பா."

"நான் எப்பயடா பொய் சொன்னனான்?"

சொல்லவில்லைதான். அந்தக் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் கிடையாது. லண்டன் மாப்பிள்ளை, சாம்பியா மாப்பிள்ளை என்று யாழ்ப்பாணத்தார் ஊரை வைத்து ஆளை எடைபோட்ட 1977இல், மகன் ஹைடல்பேர்க்கில் படித்தவன் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். மெல்பேர்னிலும் ஒரு ஹைடல்பேர்க் உண்டு. யோகேஸ்வரன் அங்கேதான் ரேடியோ திருத்தும் மாலை வகுப்புக்குப் போனான். பெண் வீட்டார் ஜெர்மனியில் உள்ள பழைய பல்கலைக்கழகம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய இடத்து மனிதர்களைத் திருத்துவது மரியாதையல்ல என்று தேவராஜா விட்டுவிட்டார்.

வினை பதிலில் வந்தது. பெண்ணும் ஹைடல்பேர்க்கில் மூன்று வருடம் வேலை செய்தவளாம். அந்த ஊரில் இருந்தவள் ஒரு கேள்வி கேட்டால் போதும், சம்பந்தமும் போய்விடும், குடும்ப மானமும் போய்விடும்.

சிட்னியில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்த சிவப்பிரகாசமும் மகள் ரஞ்சினியும் மாப்பிள்ளை பார்க்க மெல்பேர்ன் வந்து இறங்கினார்கள். ரொசானாவில் இருந்த தேவராஜா வீட்டுக்குப் போக, காரும் ஹைடல்பேர்க்கைத் தாண்டியே ஆகவேண்டும். தேவராஜா ஒரு குறுக்குத் தெருவைக் காட்டினார். அது நேரே கடைத்தெருவில் கொண்டுபோய் விட்டது.

ஹைடல்பேர்க் லாண்டரி. ஹைடல்பேர்க் இறைச்சிக் கடை. ஹைடல்பேர்க் மீன் பொரியல் கடை.

"இதென்ன, எல்லாம் ஹைடல்பேர்க்?" என்றார் சிவப்பிரகாசம்.

"அங்க படிச்சவை இங்க வந்து கடை போட்டிருக்கினம்."

"மீன் பொரிக்கிறவருமோ?"

"அவர் முதல் வகுப்பில பாஸ் பண்ணினவர்."

சிவப்பிரகாசத்தின் முகம் வெளிறியது. "அப்ப ஜெர்மன் கதைப்பினமோ?"

"தண்ணி மாதிரி."

"அப்ப இறங்க வேண்டாம். கெதியாப் போவம்."

சிவப்பு விளக்கு விழுந்தது. மீன் கடைக்காரர் ஏப்ரனைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கார் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "யோகி, என் ரேடியோ எப்போ ரெடி?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனார்.

"படிச்ச மனுசன் ஏன் தம்பியிட்ட ரேடியோ குடுத்தவர்?"

"ஆராய்ச்சிக்கு," என்றார் தேவராஜா.

பின் ஆசனத்தில் ரஞ்சினி வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் தேத்தண்ணி வந்தது. தேவராஜா மெல்பேர்ன் மழையைப் பற்றிப் பேசினார். அது முடியுமுன் சிவப்பிரகாசம் சிட்னி வெயிலைப் பற்றித் தொடங்கினார். ஹைடல்பேர்க் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

யோகேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. வருவது வரட்டும் என்று பெண்ணைப் பார்த்தான்.

"ஹைடல்பேர்க்கில நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

இரண்டு தகப்பன்மாரும் ஒரே நேரத்தில் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"பேப்பர் குடுத்தனான்," என்றாள் ரஞ்சினி. "அப்பாவின்ர அச்சுக்கூடத்தில நிக்கிற மெஷினுக்கு ஹைடல்பேர்க் எண்டுதான் பேர்."