ஸ்ட்ரைக்கருக்கு ஒரு சால்வை

மற்ற பஞ்சாலைகளில் பஞ்சு சரியில்லை என்றால்தான் நூல் அறும். ராஜபாளையத்தில் எங்கள் மில்லில் மட்டும், ஸ்பெயின்காரர் ஒருவருக்கு முழங்கால் வலித்தாலும் அறும். காரணம், ஸ்டோர் கீப்பர் 'ஸ்பெயின்' அண்ணாச்சி. அன்றைக்கு அவரிடம் மெஷினுக்கு ஒரு பேரிங்கூட வாங்க முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஸ்பெயின் கால்பந்து அணியில் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கரைப் பதினாறு வருடமாகக் கூட வேலை பார்ப்பவராகவே நினைத்திருந்தார். ஸ்ட்ரைக்கர் கிளப் மாறி இங்கிலாந்து போனபோது அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான்: "அவராக் கேட்டு வாங்குன டிரான்ஸ்பரா, தூக்கி அடிச்சிட்டானுவளா?"

ஒரு சமயம் தொடர்ந்து பதினோரு ஆட்டம் அவருக்குக் கோல் விழவில்லை. அண்ணாச்சி ஆண்டாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். பட்டர் நட்சத்திரம் கேட்டார்.

"உத்திரம்." ஜோசியரிடம் முன்னமே கணித்து வாங்கியிருந்தார்.

"பையன் வெளியூரா?"

"ஆமா சாமி. வேலை விஷயமா அலையுதாரு."

அடுத்த ஞாயிறு கோல் விழுந்தது. திங்களன்று மில் முழுக்கப் பால்கோவா. பந்து எதிரணிக்காரர் காலில் பட்டுத்தான் உள்ளே போனது என்று பேப்பரில் படித்திருந்தேன். வாயில் பால்கோவா இருந்ததால் சொல்லவில்லை.

போன வருடம் அந்த ஸ்ட்ரைக்கர் ஓய்வு பெற்றார்.

"கடைசி மேட்ச்சுல பெஞ்சுல உக்கார வச்சே அனுப்பிட்டானுவ தம்பி. ஒரு மாலை இல்ல, மைக்கு இல்ல."

எங்கள் மில்லில் வாட்ச்மேன் ஓய்வு பெற்றாலும் சால்வை போர்த்தி, வேனில் ஏற்றி, வீட்டில் இறக்கிவிட்டு, காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்புவோம்.

"பதினாறு வருசம் ஓடுன மனுசன் சும்மா வீட்டுக்குப் போகக்கூடாது. நாம செஞ்சிருவோம்" என்றார்.

ஒரே சிக்கல். போட்டோவுக்கு மாலை போட்டால் ஆள் செத்துப்போனதாகிவிடும். உயிரோடு ஒருவர் உட்கார வேண்டும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"நான் எதுக்கு அண்ணாச்சி?"

"ஒனக்குத்தான் நெத்தி அவரு மாதிரியே ஏறியிருக்கு."

"வயிறு இடிக்குதே" என்றார் லோடுமேன் முனியாண்டி.

"ரிட்டயர் ஆயாச்சுல்லா. தொப்பை வைக்கத்தான் செய்யும்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமில் ஒன்பது பேர் கூடினார்கள். அண்ணாச்சி பேசினார். முதல் கோல், இரண்டு ஆபரேஷன், பெனால்டியைத் தவறவிட்டுச் சொந்த ஊர்க்காரர்களிடமே ஏச்சு வாங்கிய ஆட்டம். "அம்புட்டுப் பேரும் ஏசுனாங்க. மறுநாக் காலையில அவரு பிராக்டிஸுக்குப் போயிட்டாரு." அத்தோடு நிறுத்திவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். முனியாண்டி சிரிப்பை விழுங்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

எனக்கு மாலையும் சால்வையும் விழுந்தன. ஏற்புரை கேட்டார்கள். கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்தது, அது உருண்டையாக இருக்கும் என்பதுதான். "எல்லாருக்கும் நன்றி" என்று உட்கார்ந்தேன்.

வேனில் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்கள். மாலையைப் பார்த்த மனைவி, "வேலையை விட்டுட்டீங்களா?" என்றாள். காப்பி கொடுத்தாள்.

எல்லோரும் வேனில் ஏறிய பிறகு அண்ணாச்சி வாசலில் தயங்கி நின்றார். வழக்கமாக என்னைத் தம்பி என்பவர், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்றார்.

சரி என்றேன். அந்த ஸ்பெயின்காரர் சார்பில்தான் சொன்னேன். ஆனாலும் அன்று முதல் சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கிறேன்.