மடி பாய் நடத்திவைத்த கல்யாணம்

சென்னையிலேயே ஆசாரமான ஆசாமி யார் என்று கேட்டால், நான் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமே போகமாட்டேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் என்னோடு வேலை பார்த்த ராயப்பேட்டை பாயைத்தான் சொல்வேன். அவருக்கு மடி பாய் என்று பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

கல்யாண அழைப்பு அனுப்பும் மென்பொருள் ஒன்றை ரூபி என்ற கணினி மொழியில் எழுதிக்கொண்டிருந்தோம். கோட் ஒன்றுதான், ஓடுவது மூன்று இடத்தில். நாங்கள் எழுதிப் பார்க்கும் லேப்டாப் டெவலப்மென்ட். சரிபார்க்கிற இடம் டெஸ்ட். நிஜ ஜனங்கள் புழங்குவது புரொடக்‌ஷன். பாஸ்வேர்டு, எஸ்.எம்.எஸ். அனுப்பும் சாவி என்று ஒவ்வொன்றுக்கும் செட்டிங்ஸ் தனித்தனி. இதில் புரொடக்‌ஷன் செட்டிங்ஸ் பாயின் பொறுப்பு.

என் அத்தை குளித்து மடி உடுத்திச் சமையல்கட்டுக்குள் போய்விட்டால், யாரும் மேலே பட்டுவிடக் கூடாது. பட்டால் மறுபடி குளியல். பாய் அத்தையையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். அந்தச் செட்டிங்ஸைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றுவார், கை கழுவுவார், வடை தின்றுகொண்டிருப்பவனை வாசலுக்கு அனுப்புவார்.

"டெவலப்மென்ட்ல நீ இன்னா கூத்து வேணா ஆடு நைனா. இத்த மட்டும் தொடாத."

ஏதாவது செட்டிங் விடுபட்டிருந்தால் புரோகிராம் கிளம்பும்போதே நின்றுவிட வேண்டும், எதையோ ஊகித்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதும் அவர் சட்டம். "இல்லாதத இல்லேன்னு சொல்றதுல இன்னா வெக்கம்?" என்பார். அப்புறம் எத்தனையோ ஆபீஸில் குப்பை கொட்டிவிட்டேன். அந்த மாதிரி உரிமையோடு அதட்ட ஒருத்தரும் வாய்க்கவில்லை.

என் கல்யாணத்துக்கும் எங்கள் மென்பொருளில்தான் அழைப்பு போயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாள் மதியமே பாய் மண்டபத்துக்கு வந்து பந்தி ஏற்பாட்டில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். பாய் இல்லாத தைரியத்தில், ஆபீஸில் எங்கள் முதலாளி புரொடக்‌ஷன் செட்டிங்ஸைத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, வந்திருந்த யாருக்கோ வித்தை காட்டியிருக்கிறார். என் அழைப்பை மாதிரிக்கு எடுத்து 'ரத்து' பட்டனையும் அமுக்கிக் காட்டினார். என் கல்யாணம் நின்றுவிட்டதாக அத்தனை விருந்தாளிகளுக்கும் எஸ்.எம்.எஸ். பறந்தது.

மாமனார் தன் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

உள்ளே கல்யாணப்பெண் அழுகிற சத்தம் கேட்டது. அதற்குள் ஆபீஸுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, பாய்தான் குறுக்கே வந்தார்.

"மாமா, மாப்ள மேல தப்பு இல்ல. மெஷின் மேலயும் இல்ல. நான் மடியா வெச்சிருந்தத எங்க ஓனர் கைகழுவாம தொட்டுட்டாரு. கெட்டுப்போச்சு."

ஆறு மாதம் நான் விளக்கியும் பிடிபடாத என் உத்தியோகம், மாமனாருக்கு அந்த நிமிஷம் பிடிபட்டுவிட்டது. "அப்படிச் சொல்லுங்கோ" என்று நாற்காலியில் சாய்ந்தார். உள்ளே போய்ப் பெண்ணிடமும் அதையே சொன்னார்.

இன்னொரு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடலாமா என்றேன். "ஒருவாட்டி பொய் சொன்ன வாயி. எவன் நம்புவான்?" என்றார் பாய். சாப்பாட்டுக் கூடத்து மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். ராயப்பேட்டைத் தமிழ் எங்கே போயிற்றோ, என் டிபன் டப்பாவோடு சேர்த்து என் பேச்சையும் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன்.

"நமஸ்காரம். பையனோட அண்ணா பேசறேன். கல்யாணம் ஜோரா நடந்துண்டிருக்கு. ஆத்துல எல்லாரையும் அழைச்சுண்டு வந்துடுங்கோ."

எனக்கு அண்ணனே கிடையாது என்று தெரிந்த பெரியப்பாகூட, மறுபேச்சில்லாமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கே மண்டபத்தில் நிற்க இடமில்லை. தொண்டை கட்டிப்போன பாய் சைகையாலேயே பாயசம் கேட்டார்.

பிறகு கம்பெனி மூடிவிட்டது. பாய் துபாய் போய்விட்டார். போனில் பேசுகிறோம்தான், ஆனால் பக்கத்து நாற்காலியில் ஆள் இருப்பதற்கு ஈடாகுமா? பாய் இல்லாத ஊர் எனக்கு வெறிச்சென்றுதான் இருக்கிறது.

என் மனைவி வழி உறவுகள் இன்றைக்கும் விசேஷங்களில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணா எங்கே, கண்ணுலயே படறதில்லையே?" என்று விசாரிக்கிறார்கள். திருத்த எனக்கு மனசு வந்ததே இல்லை.

"துபாய்ல இருக்கார் மாமி. வந்துடுங்கோ, வந்துடுங்கோன்னு சொல்லிண்டேதான் இருக்கேன்."