பதினொன்று யாருடைய எண்?

ஸ்கேன் அட்டையை மைத்துனனிடம் நீட்டியபோது எடைமேடைக்காரருக்குத் தயக்கமே இல்லை. லாரிக்காரர்கள் நம்பர் பிளேட்டை மாற்றி மாட்டி வேறு வண்டியை எடைக்கு ஏற்றுவதை இருபத்திரண்டு வருடமாகப் பிடித்தவர். அவர்கள் செய்த அதே ஏமாற்றை இன்று தன் வயிற்றுக்குச் செய்கிறார், அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கு முன் ஈரலில் கொழுப்பு, எண் எட்டு என்று வந்தது. "எண் ஏற ஏற ஈரல் இறுகுதுன்னு அர்த்தம். வாயைக் கட்டுங்க," என்றார் டாக்டர். வீட்டில் மனைவி கட்டினாள். எடைமேடை அறையில் அவரே அவிழ்த்துக்கொண்டார். மேசை இழுப்பறை முழுக்கப் பொரித்த தீனி. இன்று மறு ஸ்கேன்.

"என் தம்பி ஈரலெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும், ஆளைப் பாருங்க," என்று மனைவி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் கைகொடுத்தது.

தம்பி, நம்பர் பிளேட் எழுதுகிறவன். ஊரே அவனைக் குச்சி என்றுதான் கூப்பிடும். அப்பா ஈரல் நோயில் போனதிலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டான்.

"ஊசி போடுவாங்களா மாமா?"

"ஊசியும் இல்ல, கத்தியும் இல்ல. விலா எலும்புக்கு நடுவுல ஒரு கருவியை வெச்சுப் பத்துத் தடவை தட்டுவாங்க. அதிர்வு உள்ள வேகமா ஓடினா ஈரல் கெட்டி. மெதுவா ஓடினா நல்லது."

"பேரே கல்லீரல். கல்லா இருந்தா என்ன தப்பு?"

"அதை டாக்டரைக் கேளு. மூணு மணி நேரம் எதுவும் சாப்பிடாதே."

குச்சி யோசித்தான். "உங்க பேர்ல வர்ற நோய் எனக்கு ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது மாப்ளே."

"அப்ப சரி."

சாயங்காலம் மனைவி உறையைப் பிரித்து நின்றபடி படித்தாள். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினொண்ணு."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மெஷின் கோளாறா இருக்கும்," என்றார். அப்படியானால் ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று ஆளை வீட்டுக்கே வரவழைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போனா எண் ஏறுமாம்," என்று சமாளித்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்க நேரே எடைமேடைக்கு வந்து, இழுப்பறையைத் திறந்து பார்த்து, பூட்டிச் சாவியோடு போனாள்.

காலை நடைக்கு அவரோடு தம்பியையும் அனுப்பினாள். தட்டிலும் அவனுக்கு அதே வேகவைத்த காய். ரத்தம் எடுக்க வந்தவரிடம் அவனும் கையை நீட்ட வேண்டியிருந்தது.

"நான் என்னக்கா பண்ணேன்?"

"மாமாவுக்குத் துணைடா."

பத்தாம் நாள் நடையில் குச்சிக்கு மூச்சு வாங்கியது. மைல்கல்லில் உட்கார்ந்து, "உங்களுக்குப் பதினொண்ணாமே மாமா. எங்கப்பாவும் முதல்ல நல்லாத்தான் இருந்தாரு. உடம்பைப் பார்த்துக்குங்க," என்றான்.

எடைமேடைக்காரர் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கல்லைப் பார்த்தார். சட்டைக்கு மேலேயே அவன் விலா எலும்பை எண்ணிவிடலாம். அந்த எலும்புக்கு அடியில்தான் பதினொன்று உட்கார்ந்திருந்தது. பொய்யான எடைச்சீட்டோடு வந்த எத்தனையோ வண்டிகளைத் திருப்பி அனுப்பியவர், ஒரு வண்டியைப் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டு நிற்கிறார்.

"எழுந்திரு மாப்ளே," என்று கையைப் பிடித்து, வெறும் வயிற்றோடு ஸ்கேன் நிலையத்துக்கே இழுத்துப் போனார்.

ஸ்கேன் எடுக்கிற பெண் கருவியில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதும்மா," என்றார். "அன்னைக்கு என் பேர்ல வந்தது இவன். பதினொண்ணு இவனோடது. என்னை என்ன வேணாப் பண்ணுங்க, இவனைக் காப்பாத்துங்க."

"எனக்கா?" என்று குச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"ரிப்போர்ட்டே இவர் பேர்லதானே சார் கொடுத்தோம், நீங்க படிக்கலையா? 'என் வீட்டுக்காரர் அட்டையோட என் தம்பி வருவான், வேற எந்த வழியிலயும் அவனை வரவைக்க முடியாது'ன்னு உங்க வீட்டம்மா அன்னைக்குக் காலையிலயே போன் பண்ணிட்டாங்க; பத்து நாள்ல மனசு கேக்காம நீங்களும் வந்துடுவீங்கன்னாங்க, இப்ப உங்க முறை, சட்டையைத் தூக்கிட்டுப் படுங்க."