தரகர் இல்லாமல் வீடு பார்க்கப் போனேன்

வீடு வாங்குகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கென்றுதான் தரகர்கள் இருக்கிறார்கள். இது மண்டையில் ஏற எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் தேவைப்பட்டது.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. நானும் சரசுவும் வடசேரியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரி குளித்து, அவளுடைய மாடும் குளித்த பிறகுதான் கிணற்று வாளி எங்களுக்கு வரும். கல்யாணமான நாள் முதல் சரசு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நகையும் நட்டும் வேண்டாம். எனக்குன்னு ஒரு கெணறு உள்ள வீடு போரும்.”

கொட்டாரத்தில் அப்படி ஒரு வீடு விலைக்கு வந்தது. வேலிக்கு மேலே எட்டி அந்தக் கிணற்றைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. தரகர் பொன்னையா தாமாகவே எங்களைத் தேடி வந்தார்.

“நான் கூட வாறேன் சார். நீங்க சும்மா நின்னாப் போரும்.”

“சும்மா நிக்கதுக்கு எதுக்குவே உமக்குத் தரகு?” என்றேன். (வீட்டுப் பத்திரங்களை நகல் எழுதி எழுதி எனக்குத் தலை கொஞ்சம் வீங்கியிருந்தது.)

“அவரையும் கூட்டீட்டுப் போவமே” என்றாள் சரசு.

“ஏட்டி, எனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வாங்க வந்தவர் வீட்டைக் குறை சொல்ல மாட்டார். குறை சொல்வது தரகரின் வேலை. கதவைத் தட்டி உளுத்துப்போச்சு என்பார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளிப்பார். தரகர் சொன்னால் விற்கிறவர் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். விலையும் கொஞ்சம் இறங்கும். இரண்டு வேலையையும் நானே பார்த்துவிடலாம் என்று சரசுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஆறுமுகம் பிள்ளை எங்களை மரியாதையாக உள்ளே அழைத்தார். கூட அவருடைய மகள் இருந்தாள். நான் கதவைத் தட்டினேன், உதட்டைப் பிதுக்கினேன். கூரையைப் பார்த்தேன், தலையை ஆட்டினேன். பிள்ளையே கிணற்றில் இறைத்து என் கையில் ஊற்றினார். தண்ணீர் இளநீராக இனித்தது. நான் அதை அவர் காலடியிலேயே துப்பினேன்.

“சே, உப்பு! மாடுகூடக் குடிக்காது.”

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பிள்ளை வாளியைக் கீழே வைத்தார்.

“எனக்க வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கெடக்கும்போ இந்தத் தண்ணியத்தான் கேட்டா. நான் கொண்டு போறதுக்குள்ள கண்ண மூடிட்டா. பொறவு இந்தக் கெணத்தப் பாக்க எனக்கு மனசு வரல்ல. அதுக்குத்தான் விக்கேன்.” வாசலைக் காட்டினார். “உங்களுக்கு விக்கல்ல. போயிட்டு வாங்க.”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்; அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சரசு என்னைப் பார்க்கவில்லை. அந்த வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். கண் நிறைந்துவிட்டது. படியிறங்கினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் பொன்னையாவைக் கூட்டிவர என்னையே அனுப்பினாள். நான் அவர் பின்னால் வாய் பொத்திக்கொண்டு கொட்டாரத்துக்குப் போனேன். அவர் கதவைத் தட்டவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் காட்டினார்.

“அண்ணாச்சி, வீட்டுல ஒரு கொறையும் இல்ல. கொறை எல்லாம் இந்தச் சாருக்க நாக்குல. கருப்பட்டியக் குடுத்தாலும் உப்புன்னு துப்புவாரு. ஆனா இவருக்க வீட்டம்மைக்கு நல்ல நாக்கு. அவங்களுக்காகக் குடுங்க.”

பிள்ளை சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“அந்தப் பிள்ள குடிச்சத நானும் பாத்தேன்” என்றார்.

வீட்டைக் கொடுக்க ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மனைவியின் திவசத்தன்று வந்து இந்தக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொள்வார். சொன்னபடி வருஷா வருஷம் வந்தார். இறைத்ததும் முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டுவார்.

“எப்படி இருக்கு?”

“நல்ல தண்ணி, அண்ணாச்சி.”

அதன் பிறகுதான் குடத்தை நிறைப்பார்.

இந்த வீட்டில் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லும் உரிமை எனக்கு இன்றுவரை கிடையாது. முகம் லேசாகக் கோணினாலே, “பொன்னையாவைக் கூப்பிடட்டா?” என்பாள் சரசு. பேரப்பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். பொன்னையா யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

பிள்ளை காலமாகிவிட்டார். இப்போது திவசத்துக்கு அவர் மகள் குடத்தோடு வருகிறாள். முதல் டம்ளர் இப்போதும் எனக்குத்தான். அவள் ஒன்றும் கேட்பதில்லை. பின்னால் நிற்கும் சரசுதான் கேட்பாள்:

“உப்பா?”

நான் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பேன்.